பக்ஸில்லாவை விட்டு எங்கே போகலாம்? ரெட்மைன், கிட்லேப், ஃபோர்ஜேயோ: ஓர் ஒப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்துகொடுக்கும் எட்டுப் பேர் குழு ஒன்று 2009 வாக்கில், மென்பொருளின் பக்குகளை (பிழைகளை) எண் போட்டுப் பதிந்துவைக்கும் டிராக்கரான பக்ஸில்லாவைப் போட்டது. இன்றும் அதில்தான் வேலை நடக்கிறது. சர்வரில் புது உபுண்டு இயங்குதளம் ஏற்றியதும் பக்ஸில்லா எழவில்லை. பழைய சர்வரையே திரும்ப ஓடவிட்டு, "எதுக்கு மாறலாம் சார்?" என்று கேட்கிறார்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் பள்ளிகளுக்கு மென்பொருள் தரும் இன்னொரு குழுவும் கிட்டத்தட்ட இதையே கேட்டது. காலாப்பட்டுப் பக்கம் கட்டற்ற மென்பொருள் செய்யும் மாணவர்கள் சிலரும் கேட்டார்கள். மூன்று தரப்புக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதலில் அந்த "எழவில்லை". பக்ஸில்லா பயனர் குழுக்களை வைத்திருக்கும் டேபிளின் பெயர் 'குரூப்ஸ்'. பக்ஸில்லா தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல், தன் 8-ஆம் பதிப்பில் அந்தச் சொல்லைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. உபுண்டு 20.04-லிருந்து வருவது மைஎஸ்க்யூஎல் 8 தான். ஆகவே பக்ஸில்லா 5.0 அந்த டேபிளைத் தொடும்போதெல்லாம் சின்டாக்ஸ் பிழை. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி-யில் இந்தச் சிக்கல் இல்லை. டேட்டாபேஸை மரியாடிபி-க்கு மாற்றினாலே பழைய பக்ஸில்லா எழுந்துவிடும். இதை முதலில் சொல்லக் காரணம், அவசரத்தில் மாறக் கூடாது என்பதுதான். ஓர் அரை நாள் வேலையில் ஆறு மாத அவகாசம் கிடைக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

அம்சப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போனால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வேலைகளை நிலைவாரியாகக் காட்டும் கான்பான் பலகை இல்லாத கருவி இன்று எது? நான் பழையதிலிருந்து ஒரே ஒரு பக்கை எடுத்து, அது புதிய இடத்தில் எப்படி வந்து உட்காரும் என்று பார்ப்பேன். மஞ்சக்குப்பம் குழுவின் 1847-ஆம் பக் இதற்குத் தோதானது.

அதன் தலைப்பு "தெர்மல் பிரிண்டரில் 'கொ' உடைகிறது". பில்லில் 'கொத்தமல்லி' என்று வரவேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து, புள்ளி வட்டத்தோடு தனித்தனியாக அச்சாகின்றன. பல ஆண்டு கமெண்டுகள். ரசீதை மொபைலில் பிடித்த இரண்டு படங்கள். எழுத்துரு மாற்றும் 1602 முடிந்தால்தான் இது முடியும். இது முடிந்தால்தான் அடுத்த வெளியீட்டுக்கான 1900 முடியும். வேறொரு கடைக்காரர் சொன்ன அதே புகார் 2240 என்று பதிவாகி, டூப்ளிகேட் என மூடப்பட்டிருக்கிறது. ஒரு கமெண்டில் கடைக்காரரின் போன் எண் இருப்பதால் அது மட்டும் குழுவினர் கண்ணுக்கே தெரியும்.

இந்த ஒரு பக்கிலேயே நமக்கு வேண்டிய அளவுகோல்கள் எல்லாம் வந்துவிட்டன.

எண். எனக்கு இதுதான் முதல் அளவுகோல். பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கோடில் (நிரலில்) செய்த ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதிய பதினைந்து வருடக் கமிட் செய்திகளில் "பக் 1847" என்று எழுதியிருக்கும். கோடுக்குள் "1847 காரணமாக இந்த வரியை எடுக்காதே" என்று கமெண்ட் இருக்கும். சப்போர்ட்டில் இருப்பவர் தொலைபேசியில் "1847 திரும்ப வந்துடுச்சு" என்பார், எதிர்முனையில் இருப்பவருக்கு அது போதும். எண் மாறினால் இவை அத்தனையும் முகவரி தெரியாத கடிதம். பைத்தான் திட்டம் 2022 ஏப்ரலில் தன் பழைய டிராக்கரிலிருந்து, கோடும் பக்கும் வைக்கும் இணையதளமான கிட்ஹப்புக்குப் போனது. கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் 2021 டிசம்பரில் பக்ஸில்லாவிலிருந்து கிட்ஹப்புக்குப் போனது. இரண்டிலும் எண்கள் மாறின. பழைய எண்ணைச் சொடுக்கினால் புதிய இடத்துக்குக் கொண்டுபோகும் திருப்பிவிடும் ஏற்பாட்டை அவர்கள் செய்தார்கள். அதைச் செய்யவும் பல ஆண்டுகளுக்குக் காப்பாற்றவும் அவர்களுக்கு ஆள் உண்டு. எட்டுப் பேர் குழுவில் அது யார் வேலை?

தொடர்பு. இதைத் தடுக்கிறது, இதைச் சார்ந்தது, இதன் நகல் என்னும் மூன்றும் புதிய இடத்தில் உண்மையான உறவாக வருமா, இல்லை வெறும் எழுத்தாக வருமா?

மறைவு. ஒரு பக்கையோ ஒரு கமெண்டையோ சிலர் மட்டும் பார்க்கும்படி வைக்க முடியுமா? வாடிக்கையாளர் விவரம் புழங்கும் இடத்தில் இது கட்டாயம்.

பராமரிப்பு. எவ்வளவு நினைவகம் தின்னும், வருடத்துக்கு எத்தனை முறை மேம்படுத்த வேண்டும், அதை யார் செய்வார்?

கோடு எழுதாதவர்கள். சோதிப்பவர், சப்போர்ட்டில் இருப்பவர், கடைக்காரருக்கே கணக்கு கொடுத்திருந்தால் அவர். இவர்களுக்கு கிட் (கோடின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவி) என்ற சொல்லே தேவைப்படக் கூடாது.

## பக்ஸில்லாவிலேயே இருந்துவிடுவது

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. ஆனால் இது நல்ல வழிதான். 5.0 வந்தது 2015-இல். அடுத்த நிலையான வரிசையான 5.2 வர 2024 ஆயிற்று. ஒன்பது வருட இடைவெளி பயமுறுத்தத்தான் செய்யும். ஆனால் செத்துப்போனதற்கும் மெதுவாக நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான கேடிஈ தன் கோடை கிட்லேப்பில் வைத்துக்கொண்டு பக் புகார்களை இன்றும் பக்ஸில்லாவில்தான் வாங்குகிறது. லிப்ரே ஆபீஸ் பக் புகார்களை வாங்குவதும் பக்ஸில்லாவில்தான். கம்பைலரான ஜிசிசி-யும் அப்படித்தான்.

1847-க்கு இங்கே எந்தச் சேதமும் இல்லை. எண், தொடர்பு, மறைவு எல்லாம் அப்படியே. கிட்லேப்பில் கோடு இருந்தால் அதன் அமைப்பில் பக்ஸில்லாவை வெளி டிராக்கராக இணைத்துவிடலாம். கமிட்டில் எண்ணைப் போட்டால் பக்ஸில்லா பக்கத்துக்குச் சுட்டி தானாக விழும்.

மறைவான செலவு பெர்ல், பக்ஸில்லா எழுதப்பட்ட நிரல்மொழி. குழுவில் பெர்ல் தெரிந்த ஒருவர் இருந்தால் சரி. அவர் வேலையை விட்டுப் போனால் மாட்யூல் ஒன்று உடையும் நாளில் யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னொரு செலவு வெளியே தெரியாது: புதிதாக வரும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், பக்கைப் பதியாமல் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பதியாத பக்கை எந்த டிராக்கரும் காப்பாற்றாது. உங்கள் இடத்தில் பாதிப் புகார் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

## ரெட்மைன்

2006-இல் வந்தது. ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. புதுசு என்று சொல்ல முடியாது, பளபளப்பும் இல்லை. ஆனால் பக்ஸில்லாவில் பழகியவருக்கு மிக நெருக்கமான வீடு இதுதான்.

முக்கியக் காரணம் எண். ரெட்மைனில் எத்தனை புராஜெக்ட் வைத்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எண் வரிசை, பக்ஸில்லாவைப் போலவே. காலியான ரெட்மைனில் ஸ்கிரிப்ட் மூலம் ஏற்றும்போது 1847-க்கு 1847 என்றே கொடுத்துவிடலாம். மாண்டிஸ், டிராக் என்ற வேறு டிராக்கர்களிலிருந்து வருபவர்களுக்கு ரெட்மைனோடு ஆயத்த ஸ்கிரிப்டே வருகிறது. அதில் மாண்டிஸ் ஸ்கிரிப்ட், ரெட்மைன் காலியாக இருந்தால் பழைய எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும். பக்ஸில்லாவுக்கு அப்படி அதிகாரபூர்வமாக ஒன்று இல்லை. மாண்டிஸ் ஸ்கிரிப்டை முன்மாதிரியாக வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். ரூபி கொஞ்சம் தெரிந்தவருக்கு ஒரு வார வேலை, சோதனையோடு சேர்த்தால் இரண்டு வாரம் என்று வையுங்கள். ஒரு நிபந்தனை: ஏற்றி முடிக்கும் வரை யாரும் அதில் ஒரு பக்கைக்கூடப் பதியக் கூடாது. "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்" என்று ஒருவர் போட்டால் எண் 1 போய்விடும்.

தொடர்பு: தடுக்கிறது, நகல், முந்தியது எல்லாம் உறவாகவே உண்டு, காசில்லாமல். 1602, 1847, 1900 சங்கிலி அறுபடாது. தனிப்பட்ட பக்கும் உண்டு, தனிப்பட்ட குறிப்பும் உண்டு; போன் எண் இருந்த கமெண்ட் பத்திரம். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு யார் மாற்றலாம் என்று பொறுப்புவாரியாக வரையறுக்கலாம். சோதிப்பவர் மட்டும்தான் 'முடிந்தது' போடலாம் என்ற பழைய வழக்கத்தை விட வேண்டாம். எட்டுப் பேருக்கு 2 ஜிபி நினைவகம் தாராளம்.

இதன் மறைவான செலவு பிளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள். பார்க்க அழகாக இல்லை என்று தீம் போடுவீர்கள், பலகை வேண்டும் என்று ஒரு பிளகின், செக்லிஸ்டுக்கு ஒன்று. ரெட்மைன் அடுத்த ரெயில்ஸுக்கு ஏறும்போது இவற்றில் ஒன்றாவது உடையும், எழுதியவர் எப்போதோ கைவிட்டிருப்பார். அதற்காக நீங்கள் பழைய ரெட்மைனிலேயே நிற்பீர்கள். இன்று பக்ஸில்லாவில் மாட்டிக்கொண்ட அதே நிலை, பெயர் மட்டும் வேறு. என் அறிவுரை: முதல் வருடம் பிளகினே வேண்டாம். கோடு ரிவ்யூவும் இதில் இல்லை, அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

## கிட்லேப்

இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான ஜிநோம் 2018-இல் பக்ஸில்லாவை விட்டு இங்கே வந்தது. கோடு, ரிவ்யூ, தானியங்கிச் சோதனை, பக் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதன் சுகம் பழகிவிட்டால் விட முடியாது.

எண்ணைப் பொறுத்தவரை கிட்லேப் ஆச்சரியப்படும்படி நன்றாக இருக்கிறது. ஸ்கிரிப்டுகள் பேசும் ஏபிஐ வழியாக ஏற்றும்போது அட்மினோ புராஜெக்ட் உரிமையாளரோ பக் எண்ணையும் பதிவான தேதியையும் தாமே குறிப்பிடலாம். கோடு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் மெர்ஜ் ரிக்வெஸ்டுகளுக்குத் தனி எண் வரிசை என்பதால் மோதலும் இல்லை. ஆனால் எண் வரிசை புராஜெக்ட்வாரியானது. பக்ஸில்லாவில் நான்கு புராடக்ட் இருந்தால் நான்கு புராஜெக்டில் எண்கள் இடைவெளி விட்டு உட்காரும். பரவாயில்லை, ஆனால் புதிய பக்குகள் வர வர 'பக் 3000' இரண்டு இடத்தில் இருக்கும் நாள் வரும். சிஎஸ்வி கோப்பாக ஏற்றும் வசதியும் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள்: தலைப்பு, விவரம் போன்றவைதான் வரும், கமெண்ட் வராது. 1847-இன் உயிரே கமெண்டில்தான் இருக்கிறது.

சிக்கல் தொடர்பில். இலவசப் பதிப்பில் "இதோடு தொடர்புடையது" என்று மட்டும்தான் இணைக்கலாம். "இதைத் தடுக்கிறது" என்பது காசு கட்டும் பதிப்பில். ஒரு பக்கை இருவர் பொறுப்பில் விடுவதும் அப்படியே. அதனால் 1602, 1847, 1900 மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று தெரியும். யாருக்கு யார் காத்திருக்கிறார் என்று தெரியாது. சிறு குழுவில் அது தலையிலேயே இருக்கும் என்பவர்கள் சரி. மறைவைப் பொறுத்தவரை குறை இல்லை: ரகசிய பக்கும் உள்குறிப்பும் இலவசத்திலேயே கிடைக்கின்றன.

நினைவகம்தான் பெரிய செலவு. சொந்தச் சர்வரில் போட்டால் 8 ஜிபி ஒதுக்குங்கள். மாதாமாதம் புதுப் பதிப்பு வரும். ஒரு வருடம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு ஒரேயடியாகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. நடுவில் கட்டாயம் நிற்கவேண்டிய பதிப்புகளில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். சர்வர் வேண்டாம், அவர்களுடைய தளத்திலேயே இலவசமாக வைத்துக்கொள்கிறேன் என்றால் தனிப்பட்ட குழுவுக்கு ஐந்து பேர்தான் வரம்பு. எட்டுப் பேர் குழுவுக்கு அங்கேயே கதை முடிந்தது.

## ஃபோர்ஜேயோ

கிட்லேப்பைப் போலவே கோடும் பக்கும் ஒரே இடத்தில் வைக்கும் கருவி. கிட்டீ என்ற திட்டத்திலிருந்து 2022 கடைசியில் பிரிந்து வந்தது. ஒரே ஒரு புரோகிராம் கோப்பு, அதைப் போட்டால் ஓடும். பழைய டெஸ்க்டாப்பிலும் ராஸ்பெரி பையிலும்கூட ஓடும். பராமரிப்பில் இதை அடிக்க ஆளில்லை.

ஒரு பக் இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்று இலவசமாகவே குறிக்கலாம். சார்ந்தது முடியாமல் இதை மூட விடாத ஏற்பாடும் உண்டு. கிட்லேப் காசு கேட்கும் இடத்தில் இது சும்மா தருகிறது.

எண்ணில்தான் இடிக்கிறது. பக்கும் புல் ரிக்வெஸ்டும் (கிட்லேப்பின் மெர்ஜ் ரிக்வெஸ்ட் போன்றது) ஒரே எண் வரிசையைப் பகிர்கின்றன. கிட்ஹப்பிலும் இதேதான். காலியான ரெப்போவில் (கோடு இருக்கும் களஞ்சியத்தில்), 1-லிருந்து வரிசை தவறாமல் ஏற்றி, இல்லாத எண்களுக்கு வெற்றுப் பக்கம் ஒன்றைப் போட்டு நிரப்பினால் எண்ணைக் காப்பாற்றலாம். ஒரே ரெப்போ வைத்திருப்பவர்களுக்குச் சரி. நான்கு புராடக்ட் என்றால் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் வெற்றுப் பக்கம் நிற்கும், அது வீண்வேலை. ரகசிய பக் என்பதும் கிடையாது. ரெப்போவைப் பார்ப்பவர் எல்லா பக்கையும் பார்ப்பார்.

## மற்றவை, சுருக்கமாக

கிட்ஹப்: பொதுத் திட்டத்துக்கு ஆட்களை ஈர்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஏற்றிய கமெண்ட் எல்லாம் ஏற்றியவர் பெயரில்தான் நிற்கும். மாண்டிஸ்: எளிமையானது, பிஎச்பி. பக்ஸில்லாவிலிருந்து அங்கே போவது பக்கத்து வீட்டுக்குக் குடிபோவது போல, அந்த உழைப்புக்கு ரெட்மைனே மேல்.

ஃபேப்ரிகேட்டர் என்ற டிராக்கர் பற்றி ஒரு வார்த்தை. விக்கிமீடியா 2014-இல் பக்ஸில்லாவை விட்டு அங்கே போனது. 2021-இல் ஃபேப்ரிகேட்டரை நடத்திய நிறுவனம் வேலையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்ஜ் என்ற பெயரில் சமூகம் அதை இழுத்துக்கொண்டு போகிறது. பக்ஸில்லாவோ இன்னும் இருக்கிறது. புதியது நீண்ட நாள் வாழும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

| | பக்ஸில்லா 5.2 | ரெட்மைன் | கிட்லேப் இலவசம் | ஃபோர்ஜேயோ |
|---|---|---|---|---|
| பழைய எண் | அப்படியே | அப்படியே, காலியாக இருந்தால் | புராஜெக்ட்வாரியாகக் காப்பாற்றலாம் | ஒரே ரெப்போ என்றால் முடியும் |
| 'தடுக்கிறது' உறவு | உண்டு | உண்டு | காசு கட்டினால் | உண்டு |
| ரகசிய பக் | உண்டு | உண்டு | உண்டு | இல்லை |
| நினைவகம் | குறைவு | 2 ஜிபி போதும் | 8 ஜிபி | மிகக் குறைவு |
| கோடு எழுதாதவருக்கு | பழகினால் சரி | நல்லது | பரவாயில்லை | ரெப்போவுக்குள் நுழைய வேண்டும் |

## எதற்கு மாறினாலும் வரும் செலவு

பக்ஸில்லா இணைப்புக் கோப்புகளை டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கிறது. அந்த ரசீதுப் படங்களை வெளியே எடுத்து, சரியான பக்கில், சரியான கமெண்டின் கீழ் ஒட்டுவதுதான் ஸ்கிரிப்டில் பாதி வேலை.

ஏற்றும்போது மெயில் அனுப்புவதை அணைத்துவிடுங்கள். மறந்தால் பத்து வருடப் பக்குகள் அத்தனையும் ஒரே ராத்திரியில் எல்லோர் இன்பாக்ஸிலும் போய் விழும். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் போகும். அப்படிப் போனவர்களுக்குப் பூட்டிய கணக்கு ஒன்று உருவாக்கி அவர்கள் பெயரிலேயே கமெண்டை வையுங்கள். "பழைய பயனர்" என்று எல்லோரையும் ஒன்றாகக் கட்டினால் உரையாடல் புரியாது. கடவுச்சொல் யாருக்கும் வராது, எல்லோரும் புதிதாகப் போட வேண்டும்.

தமிழ்ப் பதிவுகள் யூனிகோடில் இருந்தால் கவலை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் மெயிலிலிருந்து வெட்டி ஒட்டியவை டிஸ்கி, டேப், பாமினி என்ற பழைய குறிமுறைகளில் இருக்கும். எழுத்துருவோடு பார்த்தால்தான் தமிழ், இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குப்பை. எந்தப் புதிய கருவியின் தேடலிலும் அவை சிக்காது. ஏற்றும்போதே யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் கீழே அப்படியே விட்டுவிடுவது நல்லது.

சர்வர் எங்கே இருக்கப் போகிறது? அலுவலக மேசைக்கு அடியில் என்றால் நம் கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 'தானே' புயல். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதையடுத்துச் சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணை வெள்ளமும். யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும்? பேக்கப்பின் ஒரு பிரதி ஊருக்கு வெளியே, வேறு மாவட்டத்தில் அல்லது கிளவுடில் கட்டாயம் இருக்க வேண்டும். பேக்கப்பைத் திறந்து பார்த்தும் சோதிக்க வேண்டும்.

பழைய பக்ஸில்லாவை அழிக்காதீர்கள். ஒவ்வொரு பக் பக்கத்தையும் நிலையான எச்டிஎம்எல்லாக எடுத்து, அதே முகவரியில் வைத்துவிட்டால் பெர்லும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். ஜிநோம் பழையதைப் படிக்க மட்டும் என்று விட்டுவைத்திருக்கிறது. எடுக்கும் முன் வெளியேறிய நிலையில் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். உள்ளே நுழைந்த நிலையில் எடுத்தால் ரகசியக் கமெண்டும் சேர்ந்து வந்துவிடும்.

## சரி, யாருக்கு எது?

மாணவர் குழுவிடம் மொத்தமே இருநூறு சொச்சம் பக்தான், ரகசியம் எதுவும் இல்லை, சர்வருக்குக் காசும் இல்லை. திறந்திருப்பவற்றை மட்டும் கையாலேயே ஏற்றிவிட்டு மற்றதை நிலையான பக்கங்களாக வைத்தால் போதும். ஃபோர்ஜேயோவில் ஓடும் கோட்பெர்க் கட்டற்ற திட்டங்களுக்கு இலவசமாகவே இடம் தருகிறது.

லாஸ்பேட்டைக் குழு கோடை ஏற்கெனவே சொந்தக் கிட்லேப்பில் வைத்திருக்கிறது. அந்த 8 ஜிபிக்குச் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் பக்ஸில்லாவில் சார்பு உறவுகளைப் பெரிதாகப் பயன்படுத்தவே இல்லை, எண்ணிப் பார்த்தோம். பக்கையும் கிட்லேப்புக்கே கொண்டுபோகலாம். பள்ளிப் பிள்ளைகளின் விவரம் உள்ள பக்குகளை ஏற்றும்போதே ரகசியமாக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

மஞ்சக்குப்பத்துக்கு ரெட்மைன். நான்கு புராடக்டும் ஒரே எண் வரிசையில், சப்போர்ட்டில் இருப்பவர்கள் எண்ணைச் சொல்லியே பேசிப் பழகியவர்கள், சோதிப்பவர்களுக்கு கிட் தெரியாது, 'தடுக்கிறது' உறவை வைத்துத்தான் வெளியீட்டையே திட்டமிடுகிறார்கள். இப்போதைக்கு மரியாடிபி-க்கு மாறி மூச்சு விட்டுக்கொண்டு, பிரதி ஒன்றின்மேல் ஸ்கிரிப்டை இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு மாறலாம்.

மாறும் நாள் மட்டும் பார்த்து வையுங்கள். மாதாமாத ஜிஎஸ்டி கணக்கு தாக்கலுக்குக் கடைசி நாள் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி. அதற்குள் கடைகளிலிருந்து வரும் அழைப்பில் யாருக்கும் கை ஓயாது. 21-க்கு மேல் மாதக் கடைசிக்குள் ஒரு வெள்ளி மாலை தொடங்கினால் ஞாயிறு முடிந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதனால் ஜனவரி அல்லது பிப்ரவரி. மார்ச் வேண்டவே வேண்டாம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் கடைகள் போனைக் கீழே வைக்கவே விடாது.